கந்தளாய்ப் பெருங்கால்வாய்

பொலன்னறுவை மாவட்டத்து மின்னேரியாக் குளத்திலிருந்து திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்துக்கு நீர் கொண்டுவந்த பண்டைய ஊட்டுக் கால்வாய். சிங்களத்தில் யோத எல எனப்படும் பெருங்கால்வாய்களில் ஒன்று. எலஹெரவில் அம்பன் கங்கையை மறித்துத் தொடங்கும் நீர்த்தொடர், தியபெதுமவில் கிரித்தலைக்கும் மின்னேரியாவுக்குமாகப் பிரிந்து, கவுடுல்ல வழியாக வடக்கே வந்து கந்தளாய்க் குளத்தில் முடிந்தது. கந்தளாயைக் கடந்த நீர் பேராற்றோடு சென்று, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தம்பலகாமக் குடாவில் கலக்கும்.

எலஹெரக் கால்வாயை முதலில் வெட்டியவன் மன்னன் வசபன் என்றும், மின்னேரியாவரை நீட்டியவன் மன்னன் மகாசேனன் என்றும் கருதப்படுகிறது. கந்தளாய்க் குளத்தை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணியாக வரலாற்றாசிரியர்கள் கொள்வர். கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூலோ குளக்கோட்டன் என்ற மன்னனைச் சொல்கிறது: திருகோணமலைக் கோணேசர் கோயிலின் வயல்களுக்கு நீர் வேண்டிக் கட்டியதாம். இந்த இரண்டு கூற்றுகளையும் ஒருவர் மேல் ஏற்றிக்காட்ட முயன்றோர் உண்டு. அதில் தெளிவைவிடக் குழப்பமே மிஞ்சியது. குளத்தைச் சுற்றிச் செழித்த ஊருக்குக் கல்லே சாட்சி. சோழராட்சிக்குப் பிந்தைய பலமோட்டைத் தமிழ்க் கல்வெட்டு, கந்தளாயை விசயராச சதுர்வேதிமங்கலம் என்ற பிராமண ஊராகக் குறிப்பிடுகிறது.

13ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை சரிந்தபின் கால்வாய் கைவிடப்பட்டது. கைவிட்டால் குளத்தைவிடக் கால்வாய்தான் முதலில் சாகும். நிலச் சரிவின் சமமட்டத்தை ஒட்டி ஓடும் இத்தகைய கால்வாய்களுக்குத் தாழ்ந்த பக்கத்தில் மட்டுமே கரை உண்டு. மேட்டுப் பக்கத்து ஓடைகளெல்லாம் உள்ளே வந்து விழும். ஆண்டுதோறும் பராமரிக்க ஆளில்லாவிட்டால், ஒரு மாரிக்குக் கரை ஓரிடத்தில் உடைந்தாலே போதும், அதற்குக் கீழே முழுத்தொலைவும் வறண்டுவிடும். குளமோ, கட்டு நிற்கும்வரை, மழைநீரையாவது தேக்கிவைக்கும்.

பிரித்தானியர் 1869க்கும் 1875க்கும் இடையில் கந்தளாய்க் கட்டைச் சீரமைத்தார்கள். நீர் வரவேண்டிய மேற்பகுதியை அப்போது தொடவில்லை. மின்னேரியா 1903இல்தான் மீண்டது, கவுடுல்ல 1959இல். ஆகவே புதுப்பிக்கப்பட்ட கந்தளாய், பல பத்தாண்டுகள், தன் சொந்த நீரேந்து பரப்பையே நம்பியிருந்தது. மாரிக்காலப் பயிரான பெரும்போகத்துக்கு மழை கைகொடுக்கும், கோடைப் பயிரான சிறுபோகம்தான் சோதனை. தொடரின் வாலை முதலில் திருத்தி மேற்பகுதியைப் பின்னுக்கு விட்ட இந்த வரிசையைத் திட்டமிடல் என்று சொல்வது கடினம். 1976இல் பொல்கொல்லவில் திருப்பப்பட்ட மகாவலி ஆற்று நீர் அம்பன் கங்கைக்கு வந்ததும், பழைய தடத்தை அடிப்படையாகக் கொண்டு திருத்தப்பட்ட வாய்க்கால்கள் வழியே வடக்குக் குளங்களுக்கும் அந்நீர் எட்டியது.

1986 ஏப்ரல் 20 விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியது காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. பிறகு கட்டு மீளக் கட்டப்பட்டது.

அம்பன் கங்கையின் குறுக்கே எழுந்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் திறக்கப்பட்டபின், தொடரின் மேற்பகுதியில் நீரைச் சேமித்துவைக்க இடம் கூடியிருக்கிறது. கந்தளாய் நீர் இன்று வயலுக்கு மட்டும் போவதில்லை. சுத்திகரிக்கப்பட்டுத் திருகோணமலை நகரத்தின் குழாய்களுக்கும் வருகிறது.