கயிறும் நாயும் போகும் வழி

பாலக்காடும் இடுக்கியும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஆனைமலைதான். ஆனால் மலைமேல் நேர்வழி கிடையாது. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரனான நான் இடுக்கியின் மூணாறு பக்கம் பாறை ஏறப் போக வேண்டுமென்றால் தமிழ்நாடு வழியாகச் சுற்றித்தான் போவேன்: கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை, ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னாறு, மறையூர். பறம்பிக்குளம் கதை இன்னும் வேடிக்கை. பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. வண்டியில் போக சேத்துமடையும் டாப்சிலிப்பும் தாண்ட வேண்டும்.

இந்தத் தடவை வண்டியில் அறுபது மீட்டர் கயிறும், கருப்பன் என்கிற நாட்டு நாயும் ஏறுவதாகத் திட்டம். நெல்லியாம்பதி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டி ஓய்ந்த மாமா கேட்டதும் சிரித்தார். “மாப்பிள்ளை, அந்த மலைக்காரங்க வவுத்துக்காகப் பாறையில தொங்குனாங்க. நாயக் கூட்டிட்டு வந்தது துரைமாருங்க. நீ ரெண்டையும் சேத்துக் கட்டிட்டுப் போறியே?” கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் அந்த மலையின் வரலாற்றில் பாதியை அவர் சொல்லி முடித்துவிட்டார்.

கயிற்றுக் கதை காடர்களிடம் தொடங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில், ஆனைமலைக் காடர்கள் மூங்கில் முளைகளை அடித்து அடித்து, அவற்றில் கால்வைத்து நெடுமரம் ஏறுவது பதிவாகியிருக்கிறது. மலைத்தேன் எடுப்பது அதைவிடக் கடினம். பெருந்தேனீ செங்குத்துப் பாறையின் விளிம்புக்குக் கீழே அடை கட்டும். இருட்டியபின், மேலே மரத்தில் கட்டிய பிரம்பு ஏணியில், தீவட்டியோடு கீழே இறங்க வேண்டும். ஏணியின் தலைமாட்டில் காவலுக்கு நிற்பது மனைவி அல்லது மகன். இன்று நாங்கள் ‘பிலே’ என்று சொல்லி ஆறு மாதம் பழகும் காரியம் இதுதான். கயிற்றைப் பிடிப்பவர் யார் என்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பைப் பார்க்கும்போது, வாரக்கடைசியில் அறிமுகமான ஆளிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் பாறை ஏறும் எங்கள் தைரியம் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஏறுவதற்காகவே ஏறியவர்கள் பிறகு வந்தார்கள். 2,695 மீட்டர் உயர ஆனமுடியில் ஏறிய முதல் ஆளாகப் பதிவில் இருப்பவர், சென்னைப் படையின் டக்ளஸ் ஹாமில்டன். 1862 மே மாதம். துப்பாக்கியும் வரைதாளும் கொண்டுபோனவர். அவருக்கு முன்பே அந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள் ஏறியிருப்பார்கள். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காடு தோட்டமானது.

தோட்டத்தோடு வேட்டையும் வந்தது. பக்கத்து நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஊட்டியில் வேட்டை நாய்க்கூட்டம் வைத்து, குதிரையில் நரி துரத்தினார்கள். நாய் அவர்களுக்குச் செல்லம், செந்நாயோ எதிரி. மான்களைத் தின்றுவிடுகிறது என்று சொல்லி, செந்நாயைக் கொன்றவருக்கு அரசு காசு கொடுத்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அந்த வழக்கம் ஓயவில்லை.

மூணாறு பக்கத்து இரவிகுளம் புல்வெளியைக் காப்பாற்றியதும் வேட்டைக்காரர்கள்தான் என்பது இதில் விநோதம். தோட்டத் துரைமார்கள் சங்கம் வைத்து, முதுவர்களைக் காவலாளிகளாக அமர்த்தி, அந்தப் புல்வெளியைத் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். வெளியாள் வராததால் வரையாடு பிழைத்தது. 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை மீட்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. 2025இல் இரு மாநிலங்களும் சேர்ந்து எண்ணியபோது 2,668 வரையாடுகள் தேறின, பாதிக்குமேல் கேரளத்தில். குட்டி போடும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், பூங்காவைச் சுற்றுலாவுக்குப் பூட்டிவிடுகிறார்கள்.

இங்கே கருப்பனை ஏன் விடமாட்டார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. வீட்டு நாயிடமிருந்து ரேபிஸும் டிஸ்டெம்பரும் செந்நாய்க் கூட்டத்துக்குத் தொற்றினால் கூட்டமே அழியலாம். சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்கு நோய்த் தடுப்பு செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

கயிற்றுக்கும் கெடுபிடி வந்தது. 2018 மார்ச் 11 அன்று போடி மலைச்சரிவில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2022 பிப்ரவரியில் மலம்புழை அருகே குறும்பாச்சி மலையின் இடுக்கில் ஓர் இளைஞர் நாற்பது மணி நேரத்துக்கும் மேல் சிக்கிக்கொண்டார். ராணுவம் கயிற்றில் இறங்கித்தான் தூக்கியது. இரண்டுக்கும் பிறகு அனுமதியில்லாமல் காட்டுப் பாறையைத் தொடுவது எளிதல்ல, அது நியாயமும்கூட.

நாய்க்கு அந்த மலையில் வேறொரு கணக்கும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் மண்சரிந்து எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். எட்டாம் நாள் ஆற்றில் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது, அந்த வீட்டு நாய் குவி. துரைமார்களின் நாயையும் குவியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆகவே திட்டம் இப்படி. ஒன்பதாறிலிருந்து சின்னாறு தாண்டும்வரை யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. அது யானை நடமாடும் இடம். மறையூரில் கல்திட்டைகள் நிற்கும் பாறைகளைப் பார்க்க மட்டும். கருப்பனை வாரில் பிடித்தபடி, கயிறு வண்டியிலேயே. காந்தளூர்ப் பக்கம் கரும்புப்பால் காய்ச்சும் கொட்டகையில் அவன் மூக்குக்கு வேலை இருக்கும். இரவிகுளத்துக்கு நான் தனியாக. அன்று அவன் மாமாவோடு. பூப்பாறை, நெடுங்கண்டம் வழியாக ராமக்கல்மேட்டுப் பக்கம் போனபின், ஏலத்தோட்டத்துக்குள் இருக்கும் தனியார் பாறைகளில், சொந்தக்காரரைக் கேட்டு, அவர் சரியென்றால் மட்டும் ஏறுவது. பூப்பாறை போகும் வழியில் வரும் கேப் ரோடு பாறை வேண்டாம். சாலை அகலப்படுத்த வெடிவைத்தபின் பலமுறை சரிந்த மலை அது.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கூட ஏறும் நண்பர்கள் முனகுகிறார்கள். காடருக்குப் பாறை பிழைப்பு, வரையாட்டுக்கு வீடு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. மூன்று பேரில் ஒருவர் ஒதுங்க வேண்டுமென்றால், அது நானாகத்தான் இருக்க வேண்டும்.