விருப்பமா, நிர்ப்பந்தமா? அகதிகளின் மீள்பயணம் குறித்து வரலாறு தரும் பாடம்



மயிலாப்பூரில் நாம் நடத்தும் மாலை வகுப்பில் சென்ற வாரம் அபிசீனிய ஹிஜ்ரத் பாடமாக அமைந்தது. முடிவில் ஒரு மாணவர் எழுந்து, “ஹஸ்ரத், போர் 2009-லேயே முடிந்துவிட்டது. இலங்கை அகதிகள் இன்னும் ஏன் ஊர் திரும்பவில்லை? புலிகள் நம் மக்களை விரட்டியவர்கள். அப்படியிருக்க நாம் ஏன் இவர்களுக்காகக் கவலைப்பட வேண்டும்?” என்று வினவினார். இரு கேள்விகளுக்கும் அன்றைய பாடத்திலிருந்தே விடை தேடினோம்.

நுபுவ்வத்தின் ஐந்தாம் ஆண்டில் நபித்தோழர்கள் சிலர் அபிசீனியாவில் தஞ்சம் புகுந்தனர். மக்காவாசிகள் இஸ்லாத்தை ஏற்றுவிட்டனர் என்ற செய்தி அங்கே எட்டியது. அதை நம்பித் திரும்பிய சிலர், மக்காவை நெருங்கியபோதுதான் அது பொய்யென அறிந்தனர். ஒருசிலர் யாரேனும் ஒருவரின் பாதுகாப்பைப் பெற்றே ஊருக்குள் நுழைய முடிந்தது. ஜஃபர் (ரலி) அவர்களும் உடனிருந்தோரும் ஹிஜ்ரி 7 வரை அங்கேயே தங்கினர். பரிசுகளோடு வந்த குறைஷித் தூதர்களிடம் மன்னர் நஜ்ஜாஷி அவர்களை ஒப்படைக்கவில்லை. வெளியேறக் கெடுவும் விதிக்கவில்லை.

தவ்பா அத்தியாயத்தின் ஆறாம் வசனம் இதை ஒரு விதியாகவே ஆக்குகிறது. எதிரணியைச் சேர்ந்தவர் அபயம் தேடி வந்தாலும் அபயம் அளிக்க வேண்டும். பின்னர் அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். எல்லையைக் கடத்திவிடுவதோடு அக்கடமை தீர்வதில்லை.

இனி நம் மாநிலத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அகதிகள் படகுகளில் வரத் தொடங்கினர். 1987 வரை வந்தோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அவர்களில் பலரது முதல் தங்குமிடம் மண்டபம் முகாம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இயற்றவில்லை. ஆகவே அவர்கள் தங்குவதும் திரும்புவதும் அவ்வப்போதைய அரசாணைகளையே சார்ந்திருந்தன. 1987 ஒப்பந்தத்தை நம்பி ஏறத்தாழ 25,000 பேர் திரும்பினர். மீண்டும் போர் மூண்டது. 1989-க்கும் 1991-க்கும் இடையில் மேலும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர்.

1991 மே மாதம் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஒரு குழுவின் குற்றத்துக்காக அகதிகள் அனைவர் மீதும் ஐயம் படிந்தது. 1992 ஜனவரியில் அரசு அவர்களைக் கப்பலேற்றத் தொடங்கியது. ‘விருப்பத்தின் பேரில் திரும்புதல்’ என்றே அதற்குப் பெயர். ஆனால் புரியாத ஆங்கிலப் படிவங்களில் பலர் கையொப்பமிட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பழ. நெடுமாறன், மருத்துவர் ராமதாஸ் ஆகியோர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அதே ஆண்டில் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்புவோரின் விருப்பத்தை நேரில் கேட்டறிய அனுமதி பெற்றது. 1995-க்குள் ஏறத்தாழ 54,000 பேர் திரும்பினர்.

நிர்ப்பந்தத்தின் கீழ் செய்யப்படும் விற்பனை செல்லாது என்று ஃபிக்ஹ் பாடத்தில் படிக்கிறோம். ஒரு வீட்டை விற்பதற்கே மனப்பொருத்தம் தேவை. உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடப்பதற்கு அது தேவையில்லையா? 1995 ஏப்ரலில் மீண்டும் போர் மூண்டது. மறு ஆண்டு புதிய அகதிகள் வந்தனர். முன்பு திருப்பி அனுப்பப்பட்டோர் சிலரும் அவர்களுள் இருந்தனர்.

முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், வெளியே காவல் நிலையப் பதிவோடு 34,000 பேரும் வாழ்வதாக 2021-ல் அரசு தெரிவித்தது. அவர்களின் நலனைக் கவனிக்கும் ஆணையரகம் நம் சேப்பாக்கம் எழிலகத்தில்தான் உள்ளது. அதே ஆண்டு வீடுகளுக்கும் கல்விக்குமாக ரூ. 317 கோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. முகாம்களின் பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாறியது. பெயர் மாறியதேயன்றி, தற்காலிகம் என்ற நிலை மாறவில்லை. திரும்ப விரும்புவோர் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவும் வேண்டும். நாற்பது வயதை எட்டிய ‘பிள்ளைகள்’ அவர்களுள் உண்டு. பார்த்தேயிராத ஊருக்குத் ‘திரும்புவது’ எப்படி என்ற அவர்களின் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

மாணவரின் இரண்டாம் கேள்வியிலுள்ள வலியை நாம் மறுக்கவில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரக் கெடுவில் விரட்டப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாயினர். எனினும் ஆயுதம் ஏந்தியவன் செய்ததற்கு, ஆயுதத்துக்கு அஞ்சி ஓடிவந்தவர் பொறுப்பாளி அல்லர். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து உங்களைப் பிறழச் செய்ய வேண்டாம் என்பதே மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் இடும் கட்டளை. போர் முடிந்த பின்னும் புத்தளத்து முஸ்லிம்களில் பலர் ஊர் திரும்பவில்லை. வீடும் பிழைப்பும் அங்கே இல்லாதபோது, ‘போர் முடிந்துவிட்டதே’ என்ற சொல் அவர்களுக்கும் போதுமானதாக இல்லை. அவர்களுக்கு நாம் கேட்கும் நீதியை மண்டபத்தில் இறங்கியவருக்கும் கேட்பதே நேர்மை.

திரும்ப விரும்புவோருக்குப் பாதுகாப்பான வழியையும், தங்க விரும்புவோருக்குக் கண்ணியமான வாழ்வையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.