மூடிய விளையாட்டில் பிறந்த ஸ்லாக்

2012 டிசம்பர் 9 அன்று 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டை மூடினார்கள். சண்டை சச்சரவு இல்லாத விளையாட்டு அது. பதினொரு ராட்சதர்களின் கற்பனைக்குள் நுழைந்து மரம் வளர்க்கலாம், சமைக்கலாம், சும்மா சுற்றி வரலாம். விளையாடியவர்கள் உயிராய் நேசித்தார்கள். ஆனால் செலவைத் தாங்கும் அளவுக்கு ஆள் சேரவில்லை. உலகம் கைபேசிக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் அது ஃப்ளாஷ் என்ற உலாவி மென்பொருளில் ஓடியது. ஐபோனில் ஃப்ளாஷ் கிடையாது.

அதை உருவாக்கிய 'டைனி ஸ்பெக்' நிறுவனம் 2009-இல் தொடங்கியது. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் அவர் கூட்டாளிகளும் வான்கூவர், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். பேசிக்கொள்ள ஐஆர்சி இருந்தது: 1988-இல் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் எழுதிய பழைய அரட்டை முறை. அதில் ஒரு பெருங்குறை உண்டு. நீங்கள் இணைப்பில் இல்லாதபோது மற்றவர்கள் பேசியது உங்களுக்குக் கிடைக்காது. காலையில் வந்து உட்கார்ந்தால், இரவு என்ன முடிவானது என்று யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தொல்லை தாங்காமல், பேச்சையெல்லாம் சேமித்து வைக்க ஒரு வழி செய்தார்கள். சேமித்த பிறகு தேட வேண்டியிருந்தது, தேடல் வந்தது. சர்வரில் யாராவது ஒரு கோப்பை ஏற்றினால் அந்தத் தகவல் அரட்டைக்குள் தானாக விழும்படி செய்தார்கள். எதற்கும் திட்டமில்லை. எரிச்சல் மூட்டியதைச் சரிசெய்துவிட்டு விளையாட்டு வேலைக்குத் திரும்பினார்கள், அவ்வளவுதான். இதுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். விற்பதற்காக யோசித்திருந்தால் இத்தனை கச்சிதமாக வந்திருக்காது.

விளையாட்டை மூட முடிவானதும் பெரும்பாலானோர் வேலை இழந்தார்கள். எஞ்சிய சிலர் மிச்சமிருந்த பணத்தை வைத்து அந்தக் கருவியையே பொருளாக்கினார்கள். பெயர் ஸ்லாக். 'எல்லா உரையாடலும் அறிவும் அடங்கிய, தேடத்தக்க பதிவேடு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. 2013 ஆகஸ்டில் முன்னோட்டம் அறிவித்த முதல் நாளே 8,000 பேர் கேட்டு எழுதினார்கள். 2014 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தார்கள். 2021-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதைச் சுமார் 2,770 கோடி டாலருக்கு வாங்கியது.

ஸ்லாக்கில் சேனல் எனப்படும் குழு அரட்டை அறையின் பெயருக்கு முன்னால் வரும் # குறி ஐஆர்சி விட்டுச்சென்ற சொத்து. 2015-இல் ஒரு செய்திக்கு எமோஜியாலேயே பதில் சொல்லும் வசதி வந்தது. குழுக்கள் அதை வேலைக் கணக்காகவே மாற்றிக்கொண்டன: கண் படம் வைத்தால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்', பச்சை டிக் வைத்தால் 'முடிந்தது'. சின்னக் குழுவுக்கு இதற்கு மேல் வேலைப் பட்டியல் தேவைப்படுவதில்லை.

ஸ்லாக்கில் எல்லாமே அந்தப் பதிவேட்டை நம்பித்தான் நிற்கிறது. ஆகவே, அலுவலகத்தில் யாரிடமாவது தனிச்செய்தியில் ஒரு கேள்வி கேட்கப் போனால், ரகசியம் இல்லையென்றால், அதைச் சேனலிலேயே கேளுங்கள். அடுத்த வருடம் வேலைக்குச் சேரப்போகிறவர் அதே கேள்வியோடு தேடுவார்.