முத்துப்பேட்டையில் பாடம் நடத்திய இயக்குநர்



இயக்குநர் கே.பாலசந்தர் நம் மண்ணின் பிள்ளை என்பது பலருக்குத் தெரியும். அவரும் ஒரு வாத்தியாராக இருந்தவர் என்பது தெரியுமா?

1930-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து நன்னிலத்தில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. முடித்து, 1949-இல் முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியரானார். அடுத்த ஆண்டே சென்னை ஏஜி ஆபீசில் வேலை. பகலில் கணக்கு, மாலையில் நாடகம். 'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர்நீச்சல்' எல்லாம் முதலில் மேடை ஏறியவைதான். 1965-இல் 'நீர்க்குமிழி' மூலம் சினிமா இயக்குநரானார்.

கமல், ரஜினியை வளர்த்தவர் என்றே எல்லோரும் அவரைச் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது வேறு ஒன்றால். வீட்டுக்காக உழைக்கும் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தினார். 'அரங்கேற்றம்' (1973) படத்தில் பிரமிளா, ஏழைப் புரோகிதர் வீட்டு மூத்த மகள். 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் சுஜாதா ஏற்ற கவிதாவின் சம்பளத்தில்தான் மொத்தக் குடும்பமும் சாப்பிடுகிறது. கடைசியில் தன் கல்யாணத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு, மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். ஆறும் வாய்க்காலுமான ஊரில் பிறந்தவர், கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைக் கொண்டு, குடிக்க நீரில்லாத அத்திப்பட்டியை 'தண்ணீர் தண்ணீர்' (1981) என்று எடுத்தார். அங்கும் மனதில் நிற்பவள் சரிதாவின் செவந்திதான்.

அறுபது வயதுக்குமேல், சினிமாவில் பேரும் புகழும் பெற்ற பிறகு, சின்னத்திரைக்கு வந்தார். 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' என்று தொடர்கள் எடுத்தார். 'சிந்து பைரவி' கதையின் தொடர்ச்சியை 'சஹானா' என்று வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தார். தியேட்டருக்குப் போக நேரமில்லாத பெண்களும் அடுப்பு வேலைக்கு நடுவே பார்த்தார்கள். தாதாசாகேப் பால்கே விருது பெற்ற அவர், 2014 டிசம்பர் 23 அன்று மறைந்தார்.

பிள்ளைகளே, என்னிடம் படித்த பெண்களில் பல கவிதாக்கள் உண்டு. தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், அப்பா வைத்தியம் என்று முடித்து நிமிரும்போது தலை நரைத்திருக்கும். அந்த அக்காவின் பணத்தில் படித்து ஆளான தம்பிகளும் என் மாணவர்கள்தான். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இன்று அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள். "உனக்கு என்ன வேணும்க்கா?" என்று கேளுங்கள். அவளிடம் யாரும் கேட்காமலே விட்ட கேள்வி அது.

வாழ்க வளமுடன்.