எடை குறைய பட்டினி கிடக்கலாமா? கலோரியை எவ்வளவு குறைத்தால் ஆபத்து?

காலையில் 2 இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி ஒரு ஆப்பிள். 'டயட்ல இருக்கேன்' என்று சொல்லும் பலரின் ஒரு நாள் சாப்பாடு இவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால் 600, 700 கலோரியைத் தாண்டாது. முதல் வாரம் எடை மளமளவெனக் குறையும். அப்புறம் வேகம் குறையும். தலை சுற்றும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். டயட்டை விட்டதும் குறைந்த எடை திரும்பி வந்துவிடும். ஏன் இப்படி?

சும்மா இருந்தாலும் செலவு உண்டு

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் இயங்க ஆற்றல் வேண்டும். இந்த அடிப்படைச் செலவைத்தான் பி.எம்.ஆர். என்கிறார்கள். நடப்பது, வீட்டு வேலை, உடற்பயிற்சி எல்லாம் இதற்கு மேல் ஆகும் செலவு.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் உழைப்பு குறைவான 65 கிலோ ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரியும், 55 கிலோ பெண்ணுக்கு 1,660 கலோரியும் தேவை.

முதல் வாரம் குறைவது கொழுப்பா?

முழுக்க இல்லை. உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து முதலில் கரைகிறது. அது தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் வெளியேறுவதால்தான் எடை சட்டென இறங்குகிறது.

உடல் சிக்கனத்துக்கு மாறும்

வருமானம் குறைந்தால் வீட்டில் செலவைக் குறைப்போம் இல்லையா? உடலும் அதைத்தான் செய்கிறது.

1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் சராசரியாகச் சுமார் 1,570 கலோரி மட்டும் தரப்பட்டது. அவர்கள் அதுவரை சாப்பிட்டதில் இது பாதி. எடை சுமார் கால் பங்கு குறைந்தது. கூடவே பி.எம்.ஆர். 40 சதவீதம் வரை சரிந்தது. எப்போதும் குளிர், சோர்வு, மனச்சோர்வு. நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு. ஆய்வு முடிந்ததும் சிலரால் சாப்பிடுவதை நிறுத்தவே முடியவில்லை.

'ரொம்பக் குறைவா சாப்பிட்டா எடை குறையவே குறையாது' என்று சொல்வது சரியல்ல. குறையும். ஆனால் கொழுப்போடு தசையும் கரையும், பசி கூடும், செலவு இறங்கிவிடும். அதனால்தான் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எடை ஏறுகிறது.

என்னென்ன பாதிப்பு?

* டயட் தொடங்கி 2, 3 மாதங்களில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம்
* பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றுகூடப் போகலாம்
* எடை வேகமாகக் குறைந்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு அதிகம்
* இரும்புச்சத்து, பி12 போன்றவை குறைந்து ரத்தசோகை வரலாம்

அப்போ எவ்வளவு சாப்பிடலாம்?

ஒரு கணக்கு பார்ப்போம். 30 வயது, 70 கிலோ எடை, 158 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு பி.எம்.ஆர். சுமார் 1,375 கலோரி. ஓரளவு நடமாட்டம் இருந்தால் மொத்தச் செலவு சுமார் 1,900. இதில் 300 முதல் 500 கலோரி குறைத்து, 1,400 முதல் 1,600 வரை சாப்பிட்டாலே எடை குறையும். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம்தான். 800 கலோரிக்கும் குறைவான டயட் எல்லாம் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே இருக்க வேண்டும்.

எதைக் குறைப்பது, எதை விடக்கூடாது?

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டுமே சுமார் 120 கலோரி. தாளிப்பு, பொரியல், தோசை எல்லாவற்றிலும் எண்ணெயைக் குறைத்து, டீ, காபியில் சர்க்கரையை விட்டாலே பாதி வேலை முடிந்தது.

பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் போன்ற புரத உணவுகளை விடக்கூடாது. தசையைக் காப்பாற்றுவதும், சீக்கிரம் பசிக்காமல் பார்த்துக்கொள்வதும் இவைதான். தட்டில் பாதிக்குக் காய்கறி இருக்கட்டும். சோறு அளவாக இருக்கட்டும். வாரத்தில் 2, 3 நாள் எடை தூக்கும் பயிற்சியோ தண்டால், உட்கார்ந்து எழும் பயிற்சியோ செய்தால் தசை கரைவது குறையும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் திடீரென சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் தாங்களாக டயட்டில் இறங்கவே கூடாது. தலைசுற்றல், படபடப்பு, மயக்கம் வந்தால் 'டயட்னா அப்படித்தான் இருக்கும்' என்று விடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.