காவலர் பட்ட புண்



கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. செம்மேட்டில் குதிரைமீது வீற்றிருக்கும் ஓரியின் சிலைக்கு மாலை சூட்டுவர், விற்போட்டியும் நடைபெறும். ஓரி யாரென்று இம்மலைச் சிறுவரைக் கேட்டால் ஒரே விடைதான் கிடைக்கும். அவன் எய்த ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியில் உடும்பின் உடலில் சென்று தைத்தது என்பதே அவ்விடை. வன்பரணர் பாடிய செய்தி அது. ஆனால் ஓரி இம்மலையின் காவலனும் ஆவான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் பொருட்டுப் படை நடத்தி வந்த மலையமான் திருமுடிக்காரியோடு பொருது அவன் மாண்டான். கொல்லி சேரர் வசமாயிற்று. எய்த அம்பைச் சொல்லும் நாம், காத்து நின்று வீழ்ந்ததைச் சொல்வது குறைவு.

காவல் தொழிலில் நிற்பவர் எவருக்கும் இந்நிலை நேர்வதுண்டு. அண்மைக் காலத்து ஹாக்கி ஆட்டக்காரர் இருவரைக் கொண்டு இதனை விளக்குவதே இன்று என் நோக்கம். அவ்விருவரும் இந்திய அணியின் பின்காப்பாளர்கள். ஒருவர் ஜுக்ராஜ் சிங், மற்றவர் சந்தீப் சிங். இருவரையும் ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். இருவரும் ஆடுகளத்துக்கு வெளியே காயமுற்றனர். இருவரைப் பற்றியும் பின்னாளில், "பழைய ஆட்டம் போய்விட்டது" என்ற ஒரே பேச்சு எழுந்தது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தற்காக்கும் அணி தன் கோலின் முன்னுள்ள வட்டத்துக்குள் குற்றம் செய்தால், எதிரணிக்குப் பெனால்டி கார்னர் என்னும் வாய்ப்பு வழங்கப்படுகிறது. அப்போது பந்தை ஓங்கி அடித்தால், அது கோலின் அடிப்பலகையின் உயரமாகிய 46 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பிச் சென்று கோலாதல் கூடாது. அடியாமல் மட்டையோடு இழுத்து வந்து சுழற்றி வீசினால் இந்தத் தடை இல்லை. டிராக் பிளிக் எனப்படும் இம்முறை அதனால்தான் 1990களில் எல்லா அணிகளுக்கும் பேராயுதம் ஆயிற்று. அதனைச் செய்பவர் முழங்காலை ஆழ மடக்கி, உடலைத் தரையளவு தாழ்த்தி, இடுப்பை முறுக்கி, முறுக்கிய விசையெல்லாம் மட்டையில் இறங்குமாறு பந்தை விடுவிக்க வேண்டும். இடுப்பும் கீழ்முதுகும் தொடையும் தாங்கும் சுமை மிகப் பெரிது. இந்திய அணியில் இச்சுமையைப் பெரும்பாலும் பின்காப்பாளர்களே ஏற்று வந்துள்ளனர். தம் எல்லையில் எதிரியைத் தடுப்பதும் அவர் கடமை. எதிரி எல்லைக்குச் சென்று கோல் அடித்துத் தருவதும் அவர் கடமை. ரசிகர் நெஞ்சில் நிற்பதோ இரண்டாவது மட்டுமே.

ஜுக்ராஜ் சிங் 1983இல் பிறந்தவர். பஞ்சாப் எல்லையிலுள்ள அட்டாரியைச் சேர்ந்தவர். 2001இல் ஹோபார்ட் நகரில் இளையோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் அவர் ஆடினார். இந்திய ஹாக்கிக்கு நீண்ட நாளாக இல்லாதிருந்த டிராக் பிளிக் வல்லமை இவரால் வந்துவிட்டதென்று நாடு மகிழ்ந்தது. 2003 செப்டம்பரில் ஜலந்தர் அருகே நேர்ந்த கார் விபத்தில் அவருக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. அதே மாதத்தில் கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 4-2 என்று வென்று முதன்முறையாக ஆசியக் கோப்பையைக் கைப்பற்றியபோது, அவர் சிகிச்சையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. பின்னர் அவர் மட்டையை மீண்டும் கையில் எடுத்தார். ஆயினும் இந்திய அணியில் பழைய இடம் திரும்பக் கிட்டவில்லை. தாம் கற்ற டிராக் பிளிக்கை இளையோர்க்குப் பயிற்றும் ஆசிரியரானார்.

அவர் விட்ட வெற்றிடத்தில் வந்து நின்றவர் சந்தீப் சிங். ஹரியானாவில் ஷாஹாபாத்தைச் சேர்ந்த இவர் 1986இல் பிறந்தவர். 2004 தொடக்கத்தில் இந்திய அணிக்கு வந்து, அவ்வாண்டே 18 வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். அவர் வீசும் பந்து மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகப் பேசப்பட்டது. "பிளிக்கர் சிங்" என்று ரசிகர்கள் செல்லப்பெயரும் சூட்டினர். 2006 ஆகஸ்டில், ஜெர்மனியில் நடைபெறவிருந்த உலகக் கோப்பைக்கான அணியோடு சேர்ந்துகொள்ளச் சதாப்தி விரைவு ரயிலில் சென்றுகொண்டிருந்தார். பாதுகாப்புப் படை வீரர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குண்டு சந்தீப்பின் கீழ்முதுகில் பாய்ந்தது. டிராக் பிளிக் முழுவதும் எந்த இடத்திலிருந்து பிறக்கிறதோ, அதே இடத்தில்! கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியே துணையாயிற்று.

2007 செப்டம்பரில் சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் இந்தியா தென் கொரியாவை 7-2 என்று வென்று ஆசியக் கோப்பையை மீண்டும் பெற்றது. தமிழ் ரசிகர்கள் அரங்கு நிறைய ஆர்ப்பரித்த அந்நாளிலும் சந்தீப் அணியில் இல்லை. நிற்கவும் நடக்கவும் ஓடவும் அவர் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

இதற்குப் பின் நடந்தவற்றை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்ப்போம். வரலாறு படிப்போர்க்கு ஆண்டு வரிசை நல்ல துணை; மனம் தவறாக அடுக்கி வைத்ததை அது திருத்திவிடும்.

2008இல் அவர் இந்திய அணிக்குத் திரும்பினார். 2009இல் அணியின் தலைவரானார். அவர் தலைமையில் இந்தியா 1995க்குப் பிறகு முதன்முறையாகச் சுல்தான் அஸ்லான் ஷா கோப்பையை வென்றது. 2010இல் தில்லியில் நடந்த உலகக் கோப்பையில் பாகிஸ்தானை 4-1 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அவருடையவை. அவ்வாண்டே அர்ஜுனா விருதும் பெற்றார். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இடம்பெறாது போன இந்தியாவுக்கு, 2012 பிப்ரவரியில் தில்லியில் நடந்த தகுதிப் போட்டி மானப் பிரச்சினையாக இருந்தது. இறுதியாட்டத்தில் பிரான்சை 8-1 என்று வென்றோம். அவற்றுள் ஐந்து கோல்கள் சந்தீப் அடித்தவை.

ஆறு மாதம் கழிந்தது. லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய ஆட்டம் அனைத்திலும் தோற்றுப் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாம் இடம் பெற்றது. பிப்ரவரியில் தோளில் சுமந்தவர்களே ஆகஸ்டில் குறைகளை எண்ணத் தொடங்கினர். திரும்பி ஓடுவதில் அவர் தாமதிக்கிறார், எதிரணியின் வேகமான முன்னணியினர் அவரைத் தாண்டிப் போய்விடுகின்றனர், அவர் கை பந்து பழையபடி பாயவில்லை என்றனர். பின்னர் அணியில் அவருக்கு இடமில்லாது போயிற்று. 2018இல் அவர் வாழ்க்கை "சூர்மா" என்னும் இந்தித் திரைப்படமாக வந்தபோதுதான் பலருக்கும் அவர் நினைவு மீண்டது.

அக்குறைகள் பொய் என்று நான் வாதாட வரவில்லை. தடுப்பாட்டத்தில் அவர் வேகம் குறைந்திருந்தது உண்மையே. அதில் குண்டின் பங்கு எவ்வளவு, ஆண்டுகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. நான் கேட்பது வேறு. "பழைய சந்தீப்" என்று எந்தச் சந்தீப்பைச் சொல்கிறோம்? குண்டு படுவதற்கு முன் அவர் ஆடியது இரண்டரை ஆண்டு. ஏதென்ஸில் அணி பெற்றது ஏழாம் இடம். தலைமைப் பதவி, கோப்பை, விருது, பிரான்சுக்கு எதிரான ஐந்து கோல்கள் ஆகிய அனைத்தும் புண்பட்ட உடம்பினால் அவர் ஈட்டியவை. ரசிகர்கள் அவரை ஒப்பிட்டது, குண்டு படாதிருந்தால் எப்படி ஆகியிருப்பார் என்று தாமே கற்பனை செய்துகொண்ட ஒருவரோடு. அக்கற்பனை ஆட்டக்காரருக்குத் தளர்ச்சி கிடையாது, தோல்வியும் கிடையாது. அவரோடு போட்டியிட்டு எந்த மனிதர் வெல்ல முடியும்?

நம் முன்னோர் புண்ணை இருவகையாகப் பகுத்தனர். போரில் முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண்; அது பெருமை. முதுகிற் பட்டது புறப்புண், அது நாணம். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பிற் பட்ட வேல் முதுகையும் துளைத்தது. அதனைப் புறப்புண்ணெனக் கருதி நாணி அவன் வடக்கிருந்து உயிர் நீத்தான். அப்போது வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர், வென்ற கரிகாலனை நோக்கியே, நாணி வடக்கிருந்த அவன் நின்னினும் நல்லவன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடினார். வெற்றி ஆரவாரத்தின் நடுவே புண்பட்டவனை எடைபோட்ட அந்த நேர்மை எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

ஜுக்ராஜும் சந்தீப்பும் பட்ட புண் இவ்விரு வகையிலும் அடங்காது. அது களத்திற் பட்டதன்று. ஆதலின் பெருமை இல்லை. புறங்காட்டிப் பட்டதுமன்று, ஆதலின் நாணமும் இல்லை. விபத்தால் வந்த இத்தகைய புண்ணுக்கு நம் மரபில் பெயரில்லை. பெயரில்லாததை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

காவலில் மாண்டவரை மறவாதிருக்க நம் மரபு வழி வகுத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கால்நடை காத்து மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, அவனருகே நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் அக்கல்லில் பெயரெழுதிப் பொறித்துள்ளனர். இறந்த வீரரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்னும் பெயரால் நிலமும் கொடுத்தனர். ஆயினும் நடுகல் பட்டவனுக்கே உரியது. புண்பட்டுப் பிழைத்து, மறுநாளும் ஊர்க்காவலுக்கு வந்து, முன்போல் ஓட மாட்டாமல் நின்றவனுக்குக் கல் இல்லை. அவனுக்குரியது உயிரோடிருக்கும் ஊராரின் நல்ல நினைவு ஒன்றே.

அந்நினைவோடு பொறுமையும் சேர்ந்தால் பயன் விளையும் என்பதற்கும் சான்று உண்டு. ரூபீந்தர்பால் சிங் என்னும் மற்றொரு பின்காப்பாளர் 2017இல் தொடைத் தசைநார்க் காயத்தால் பல மாதம் ஆட இயலாதிருந்தார். அவருக்கு ஓய்வும் மறுவாய்ப்பும் கிடைத்தன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் டோக்கியோவில் இந்தியா ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் பெற்றபோது, அவர் அடித்த பெனால்டி ஸ்ட்ரோக்கும் அவ்வைந்தில் ஒன்று. 1980இல் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றதற்குப் பின், 41 ஆண்டு கழித்து ஹாக்கியில் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த மாதமே ரூபீந்தர் ஓய்வு பெற்றார்.

இவ்வாண்டும் ஆடியில் ஓரியின் அம்பைப் பற்றி இம்மலைச் சிறுவர்க்குச் சொல்வோம். கூடவே, அவன் காரியின் படையை எதிர்த்து நின்றதையும் சொல்வோம். அவ்வாறே சந்தீப்பின் பெயரைச் சொல்லுங்கால் லண்டனின் பன்னிரண்டாம் இடத்தோடு நிறுத்தாமல், நாற்காலியிலிருந்து எழுந்த பின் அவர் நாட்டுக்கு ஆடித் தந்த ஆண்டுகளையும் சேர்த்தே எண்ணுவோம். ஜுக்ராஜுக்கு அந்த ஆண்டுகளும் கிட்டவில்லை என்பதையும் மறவாதிருப்போம்.