ஒரு லைன், பல வீடுகள்: 192.168 என்ற எண்ணின் கதை



"வைஃபை காட்டுது, ஆனா நெட் வரல." ஆவூரில் இப்போது வீட்டுக்கு வீடு கேட்கும் புகார் இது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதே குரலில் வேறு ஒரு புகாரைக் கேட்டிருக்கிறேன். "கண்மாயில தண்ணி கெடக்கு, வயலுக்கு வரல." இரண்டும் ஒரே வகை வழக்குத்தான். பொதுவில் ஒன்று இருக்கிறது, அதைப் பங்கிட வேண்டும், பங்கீட்டில் எங்கோ அடைப்பு. சமூக அறிவியல் நடத்திய பழக்கத்தில், இதன் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். பொறுமை இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். இல்லாதவர்கள் அண்ணன் தம்பி கதைக்கு நேராகப் போய்விடுங்கள்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். நிறுவனம் பெருநகரங்களில் தொடங்கியது, அதில் சென்னையும் உண்டு. அதற்கு முன்பே, 1986 முதல், எர்நெட் என்ற அரசுத் திட்டம் கல்வி நிறுவனங்களை இணைத்து வந்தது. சென்னை ஐ.ஐ.டி. அதில் ஒன்று. ஆனால் அது படித்தவர்களின் வட்டத்துக்குள் இருந்த விஷயம்.

1995-ல் தொலைபேசி வழியாகக் கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று நீங்கள் குழுவில் அனுப்பும் ஒரு புகைப்படம் 3 மெகாபைட் என்று வையுங்கள். அது 2 கோடியே 40 லட்சம் பிட். 9,600-ஆல் வகுத்தால் 2,500 நொடி. ஏறத்தாழ 42 நிமிடம்! ஒரு பீரியட் முழுக்க ஒரு படம். (காலை வணக்கம் படம் அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.)

அப்போதும் பங்கீட்டுச் சண்டை உண்டு. இணையமும் பேச்சும் ஒரே செம்புக் கம்பியில். நெட்டில் இருந்தால் போன் எங்கேஜ்டு. பக்கத்து அறையில் பேரலல் போனை யாராவது எடுத்தால் நெட் அறுந்துவிடும். புதுக்கோட்டையில் ஓர் உறவினர் வீட்டில் "போனைத் தொடாதே" என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி எண்ணுக்கு வருவோம். உங்கள் போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் பெரும்பாலும் 192.168 என்று ஒரு முகவரி இருக்கும். துபாயில் இருக்கும் மாணவர் வீட்டிலும் அதே, விராலிமலையிலும் அதே. உலகம் முழுக்க இத்தனை வீடுகளுக்கு எப்படி ஒரே எண் இருக்க முடியும்?

1981-ல் வகுத்த முறைப்படி இணைய முகவரி என்பது 32 பிட் எண். இரண்டை 32 முறை பெருக்கினால் சுமார் 429 கோடி வரும். அன்றைக்கு அது வற்றாத கடலாகத் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்திலேயே போதாது என்று புரிந்துவிட்டது. 1994-ல் எகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். நாட் என்று அதற்குப் பெயர். நம் விடுதி முறைதான். வெளியிலிருந்து வரும் கடிதமெல்லாம் விடுதியின் ஒரே முகவரிக்கு வரும். எந்தப் பையன் எந்த அறை என்பது வார்டனின் நோட்டில் இருக்கும், அவர் பிரித்துக் கொடுப்பார். தபால்காரருக்கு அறை எண் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதே 1994-ல், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று எண் வரிசைகளை ஒதுக்கினார்கள். 192.168 அதில் ஒன்று. எல்லா விடுதியிலும் ஒன்றாம் எண் அறை இருப்பது போல, எல்லா வீட்டிலும் அது இருக்கலாம். ஒரே விடுதிக்குள் இரண்டு ஒன்றாம் எண் அறை இருந்தால்தான் ஆபத்து. இந்த வரியை நினைவில் வையுங்கள்.

1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இந்த வார்டன் வேலையை ஒரு கம்ப்யூட்டரே பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். லைன் வரும் கம்ப்யூட்டர் 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்கு எண் கொடுக்கும். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை தரத் தொடங்கியிருந்ததால் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த நேரம் அது. பிளஸ் டூ ரிசல்ட் நாளில் அங்கே நின்ற கூட்டம் உங்களில் பலருக்கு மறந்திருக்காது. ஒரு லைன், ஏழெட்டு கம்ப்யூட்டர். முதலாளி மேசைக் கம்ப்யூட்டர் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

பங்கீடு என்றால் என் மனதில் முதலில் வருவது ஒரு கிராமத்துக் கதை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் மையம். அங்கே தொலைபேசி வழியாக இணையம். சுற்றுக் கிராமங்களுக்கு ரேடியோ அலை மூலம் செய்தி போகும். வீராம்பட்டினம் மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஓர் இணைப்பு, ஒரு ஊரே பயனடைந்தது. அந்த மீனவர் யாரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து, அந்த ஊர்க்காரர் ஒருவரின் எச்சரிக்கை போனில் வந்தது. மையத்தின் ஒலிபெருக்கியில் சொல்லி மக்களைக் கரையிலிருந்து விலக்கினார்கள். வேகத்தை மட்டும் அளந்து இணையத்தை மதிப்பிடுகிறவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

மேலூர் வட்டாரத்தில் 2001-ல் இன்னொரு முயற்சி. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையில் கிராமத்துக் கடைகளுக்கு இணையம் தந்தார்கள். பேசிக்கொண்டே நொடிக்கு 35 கிலோபிட், பேசாவிட்டால் 70. கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. வருமானம், பழுது பார்க்க ஆள், அலுவலகங்களின் ஒத்துழைப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒரு மடை ஓடும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2005-ல் 256 கிலோபிட் பிராட்பேண்ட், 2016-ல் ஜியோ, 2020 ஊரடங்கில் ஒரே போனைச் சுற்றி மூன்று பிள்ளைகள்.

ஆவூரைப் பற்றி ஒரு வார்த்தை. பூஷே பாதிரியார் 1697-ல் இங்கே ஆலயம் கட்டினார். இப்போதுள்ள பெரிய கோவில் 1747-ல் எழுந்தது. வீரமாமுனிவரும் இங்கே பணி செய்திருக்கிறார். அந்தக் காலத்துப் பாதிரியார்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் மாதக்கணக்கில் கப்பலில் போயின. அந்த ஊரில் இருந்துகொண்டு, ரோமிலிருந்து வரும் நேரலை இரண்டு நொடி நின்றால் நாம் கோபப்படுகிறோம்!

இனி அண்ணன் தம்பி கதை. பெயர், ஊர் வேண்டாம், நம் உறவில்தான். கீழ்வீட்டில் அண்ணன், மாடியில் தம்பி. ஃபைபர் லைன் ஒன்று, மாதத் தொகை ஆளுக்குப் பாதி. மாடிக்குச் சிக்னல் எட்டவில்லை என்று தம்பி ஒரு வைஃபை பெட்டி வாங்கி, கீழ்ப்பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து மாட்டினார். இரண்டு நாள் ஓடியது. பிறகு வரும், போகும். கீழே ஓடும்போது மேலே நிற்கும். மாடிப் பெண்ணுக்குக் கல்லூரிக் கலந்தாய்வு நேரம், விருப்பக் கல்லூரிகளைப் பதிய வேண்டிய கடைசி நாள். நெட் இல்லை. "பெரியப்பா வீட்டுல வேணும்னே கட் பண்றாங்க" என்று அந்தப் பிள்ளை அழுதது. அண்ணி காதில் அது விழுந்தது. தலைமடைக்காரர் மேல் கடைமடைக்காரருக்கு வரும் பழைய சந்தேகம், வீட்டுக்குள் வந்துவிட்டது. என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து அந்தப் பதிவை முடித்தோம். ஆனால் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

ஃபைபர் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் எதையும் திறக்கவில்லை. மாடிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். கீழ்வீட்டில் எல்லாம் சீராக ஓடியது. மாட்டினார், சற்று நேரத்தில் தொல்லை தொடங்கியது. "சார், ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர். 192.168.1.1" என்றார்.

விஷயம் இதுதான். இரண்டு பெட்டிகளும் கடையிலிருந்து அதே எண்ணோடு வந்தவை. இரண்டுமே தன்னை வார்டன் என்று நினைத்து, கேட்கிற போனுக்கெல்லாம் முகவரி கொடுத்தன. "ஒன்றாம் எண் யார்?" என்று போன் கேட்டால் இரண்டும் கை தூக்கும். கீழ்ப்பெட்டியின் பதிலைப் போன் பிடித்துக்கொண்டால் நெட் வரும். மாடிப் பெட்டியைப் பிடித்தால் வைஃபை மட்டும் காட்டும், ஏனென்றால் அதற்கு வெளியே போக வழியே இல்லை. யாரும் யாரையும் கட் பண்ணவில்லை.

மாணவர் மாடிப் பெட்டிக்கு 192.168.1.2 என்று எண்ணை மாற்றினார். முகவரி கொடுக்கும் வேலையை, டி.எச்.சி.பி. என்பார்கள், அதில் நிறுத்தினார். பத்து நிமிட வேலை. அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்தே செய்யச் சொன்னேன். அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும், தம்பியும் பார்க்க வேண்டும். அண்ணி டீ போட்டு மாடிப் பெண் கையில்தான் முதலில் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் இதே தொல்லை என்றால், புதிதாகச் சேர்த்த பெட்டியை முதலில் கழற்றிப் பாருங்கள். லைன்காரருக்குப் போன் போடுவது அதற்குப் பிறகு. இரண்டாவது பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டி வையுங்கள். அந்த மாடி வீட்டில் நான் என் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.